கையுறைக் கணக்கு

டொங்காட்டில் கரும்பு லாரிகள் விளக்கணைக்கும் முன்னே
எங்கள் சுகாதார நிலைய வாசலில்
அறுபது பேர் நிற்பார்கள்.
ஆறரைக்கு இயந்திரம் விழிக்கும்,
சீட்டைத் துப்பும்: எண், நாள், நிமிடம்.
மருந்துச் சன்னலில் அதே சீட்டை
இன்னொரு இயந்திரம் கவ்வும்.
இரண்டுக்கும் இடையில் கிடப்பதற்குக்
காத்திருப்பு என்று பெயர் வைத்து
மாதாமாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அனுப்புகிறவள் நான்.
பதவி, தரவுப் பதிவாளர். நிலை ஐந்து.

சீர்திருத்தம் வந்த வருடம்
மூன்று மணி நேரமாக இருந்தது
தொண்ணூற்று நாலு நிமிடமாயிற்று.
திரையில் எங்கள் பெயருக்கு நேரே பச்சை.
கேக் வெட்டினோம்.
சிஸ்டர் ஸொட்வா செலே கத்தியும் கையுமாகக் கேட்டாள்:
"போன வருடம் ஐந்து நர்ஸ், இப்போது மூன்று.
எப்படி வேகமானோம், மிஸஸ் மூன்சாமி?"
வாயில் கேக் இருந்தது எனக்கு.

எப்படி என்று தெரியும்.
சன்னலை எட்டாத சீட்டையெல்லாம்
நள்ளிரவில் கணினி
'முழுமையற்ற பதிவு' என்று கழித்துவிடும்.
மூன்றரை மணிக் கடைசி டாக்ஸிக்கு ஓடியவர்கள்,
சூப்பர்வைசர் அரைநாள்தான் விட்டார் என்றவர்கள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டமாதிரிதான் இருக்கிறது என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தவள்,
எல்லோரும் காத்திருந்து காத்திருந்தே
காத்திருக்காதவர்கள் ஆகிவிட்டார்கள்.
எத்தனை பேர் கிளம்பிப் போகிறார்களோ
அத்தனை வேகம் எங்களுக்கு.

இரண்டாம் மருந்தாளுநர் பணியிடம்
அமைப்பு வரைபடத்தில் இருக்கிறது,
நான்கு கோடுகளுக்குள் ஒன்றுமில்லாமல்.
நிதி வரும்வரை உறைய வைத்திருக்கிறார்களாம்.
மின்வெட்டு நாளில் இன்சுலின் பெட்டி வியர்த்து வழியும்,
ஐஸ் தேடிப் பெட்ரோல் பங்குக்கு ஓடுவோம்.
இந்த ஒரு இடம் மட்டும்
எந்த மின்வெட்டிலும் உருகியதில்லை.

வெலிலேவுக்குக் காலிக் கட்டம்கூடக் கிடையாது.
கான்ட்ராக்ட் கம்பெனி ஆள்,
பெருக்குவது அவன் வேலை.
ஒரு திங்கட்கிழமை மாலை
என் மேசையில் ரப்பர் கையுறை ஒன்றை வைத்தான்.
உப்பியிருந்தது.
"கேட்டோரம், டாக்ஸி நிற்கிற இடம், கழிப்பறைச் சன்னல்.
உங்கள் சீட்டுதானே, மா?"
நாற்பத்தொன்று.
நூற்று நாற்பத்தேழாம் எண்ணின் முதுகில்
ஏதோ ஒரு பிள்ளை மீன் வரைந்திருந்தது.
மீனுக்கு ஆறு கால்.

படிவத்தில் இதற்குப் பத்தி இல்லை.
'குறிப்புகள்' என்ற கட்டத்தில்
பதினெட்டு மாதமாக 'ஏதுமில்லை' என்றே எழுதியிருக்கிறேன்.
அங்கே தட்டினேன்: திங்கள் 41. செவ்வாய் 38.
ஒன்றும் நடக்கவில்லை.
குறிப்புகளை யார் படிக்கிறார்கள்?

அடுத்த மாதம்
அந்தச் சீட்டுகளுக்கெல்லாம் முடிவு நேரமாக
கதவு பூட்டும் நாலு மணியைப் போட்டேன்.
சிவப்பு.
தொலைபேசி அடித்தது.
"தரவு பழுதாகிவிட்டதே" என்றார் மிஸ்டர் என்டூலி.
நல்ல மனிதர்தான்.
அவருக்கு மேலே யாருக்கோ பச்சை வேண்டும்.
"கையுறையை அனுப்பட்டுமா, சார்?"
கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல்.
பிறகு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தவர்போல,
தாழ்ந்த குரலில்:
"எத்தனை?"

தரவுத் தரம் பற்றி
எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
பிரியாணி நன்றாக இருந்தது.
பணியிடம் இன்னும் உறைந்தேதான் கிடக்கிறது.
ஆனால் ஸ்டாங்கரிலிருந்து பிரிஷந்தி என்றொரு பெண்
கடனாக வருகிறாள், செவ்வாயும் வியாழனும்,
தன் காரில், தன் பெட்ரோலில்.
பயணப்படிக் கோப்பு
மூன்றாவது மேசையில் இருக்கிறதாம்.

புதன்கிழமைக் கையுறை இன்னும் உப்பித்தான் வருகிறது.
நேற்று வியாழன்.
வெலிலே வைத்துவிட்டு வாளியோடு போய்விட்டான்.
விரல்கள் மட்டும் நிறைந்திருந்தன.
கட்டைவிரல் காலி.